கை இழுப்பது காலுக்குத் தெரியாது

மார்ச் 4, செவ்வாய்
இன்றும் கதவு திறக்கவில்லை. நாலு கால் ரோபோவின் முதுகில் இயந்திரக் கையைப் பொருத்தி மூன்று வாரம் ஆகிறது. கைப்பிடியை அழகாகப் பிடிக்கிறது, கீழே அழுத்துகிறது. இழுக்கப்போனால் கதவுதான் அதை இழுக்கிறது. இத்தனைக்கும் 50 நியூட்டன், அதாவது 5 கிலோ இழுப்பு போதும். சின்னப் பையன் திறந்துவிடுவான். முன்னங்கால் வழுக்கி மூக்கு கதவில் இடித்தது. மேலே கட்டிவைத்த கயிறு தாங்கியதால் கேமரா பிழைத்தது.

மார்ச் 5, புதன்
ஆராய்ச்சிக் கைடு வந்து பார்த்தார். "கை இழுக்கறது காலுக்குத் தெரியுமாப்பா?"

தெரியாது சார்.

கைக்கு ஒரு கன்ட்ரோலர் (அசைவைக் கட்டுப்படுத்தும் புரோகிராம்), காலுக்கு ஒன்று என்று தனித்தனியாக எழுதியிருக்கிறேன். கை, தான் சிமென்ட் தரையில் ஊன்றி நிற்பதாக நினைக்கிறது. காலில் இருப்பது மார்க் ரைபர்ட்டின் பழைய சூத்திரம். 1980களில் ஒற்றைக்கால் இயந்திரத்தைக் குதிக்கவிட்டுக் காட்டியவர் அவர். உடம்பு போகும் வேகத்தைக் கால் தரையில் இருக்கும் நேரத்தால் பெருக்கு, அதில் பாதித் தூரம் முன்னால் பாதத்தை வை. அப்புறம், போக வேண்டிய வேகத்துக்கும் போகும் வேகத்துக்கும் உள்ள வித்தியாசத்துக்கு ஒரு சின்னத் திருத்தம். நடப்பதற்கு இது அருமை. ஆனால் கதவு இழுக்கும்போது, யாரோ பின்னாலிருந்து தள்ளுகிறார்கள் என்று கால் நினைத்துக்கொண்டு கதவை நோக்கியே எட்டுவைக்கிறது! பாவம், அதன் மேல் தப்பில்லை.

மார்ச் 9, ஞாயிறு
கை எவ்வளவு இழுக்கப்போகிறது என்பதை முன்கூட்டியே காலுக்குச் சொல்லும்படி மாற்றினேன். நாலு பாதமும் தரையை எப்படி உதைக்க வேண்டும் என்று நொடிக்கு 500 முறை கணக்குப் போடுகிறது. பாதம் தரையை எவ்வளவு பற்றும் என்பதைச் சொல்லும் உராய்வுக் குணகம் 0.6 என்று வைத்துக்கொண்டேன். கணினிச் சிமுலேஷனில் கயிறு இழுக்கும் போட்டிக்காரன் மாதிரி பின்னால் சாய்ந்து இழுத்தது. சிமுலேஷனில் எதுதான் திறக்காது.

பக்கத்து மேஜை நண்பன், "இதெல்லாம் எதுக்கு, ரோபோவையே கத்துக்க விடு" என்கிறான். 2021இல் சூரிச் இடிஹெச் பல்கலைக்கழகக் குழு ஆயிரக்கணக்கான ரோபோக்களைச் சிமுலேஷனில் ஒரே நேரத்தில் ஓடவிட்டு, சமதளத்தில் நடக்க நாலு நிமிஷத்துக்குள் கற்றுக்கொடுத்துவிட்டது. உண்மைதான். ஆனால் ரோபோ ஏன் விழுகிறது என்று எனக்குத் தெரிய வேண்டும்.

மார்ச் 12, புதன்
நிஜத்தில் மறுபடி வழுக்கல். ஒரு மணி நேரம் புரோகிராமைத் துருவிவிட்டு, எரிச்சலில் ரோபோவைப் புரட்டிப் போட்டேன். பாதத்து ரப்பர் மொட்டை டயர் மாதிரி பளபளக்கிறது. கட்டைவிரல் சறுக்கிக்கொண்டு போகிறது. ஸ்பிரிங் தராசைக் கட்டி இழுத்துப் பார்த்தேன். கையோடு 16 கிலோ இருக்கும் ரோபோ, 4 கிலோ இழுப்பிலேயே நகர்ந்துவிட்டது. குணகம் 0.25. கதவுக்கோ 5 கிலோ வேண்டும். எந்தக் கன்ட்ரோலர் எழுதினாலும் இந்தக் காலோடு திறந்திருக்காது.

புது ரப்பர் மாட்டினேன். 10 கிலோ வரை அசையவில்லை.

மார்ச் 14, வெள்ளி
திறந்தது. பத்துக்கு ஏழு. எட்டாவது முறையும் திறந்திருக்கும். நான் கைதட்டிக்கொண்டே குறுக்கே போய்விட்டேன்.

திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைய வேண்டும் என்று அதற்கு இன்னும் சொல்லித்தரவில்லை. பாதி நுழைந்ததும் கையை விட்டது. கதவு வந்து பின்னங்காலில் சாத்தியது.