ஸ்மார்ட்-1: நிலவுக்கு நிதானமாக ஒரு கலம்

2003 செப்டம்பர் 28, ஞாயிறு

இன்று அதிகாலை, நம் நேரப்படி 4.44 மணிக்கு, பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஏரியன்-5 ராக்கெட் கிளம்பியது. நம் இன்சாட்-3இ செயற்கைக்கோள் அதில்தான் போனது. என் கவனமெல்லாம் அதோடு ஏறிப்போன ஸ்மார்ட்-1 மேல்தான். 367 கிலோ எடை. ஐரோப்பாவின் முதல் நிலவுக் கலம். நிலவைப் பார்ப்பதைவிட, அங்கே போகும் எஞ்சினைச் சோதிப்பதே இதன் முதல் வேலை.

2003 அக்டோபர் 2

எஞ்சினை முந்தாநாள் முதன்முறையாக இயக்கியிருக்கிறார்கள். இதில் எதுவும் எரிவதில்லை. வளைய வடிவப் பள்ளம் ஒன்றுக்குள் செனான் வாயு கசிந்து வருகிறது. காந்தப்புலத்தில் சிக்கிய எலெக்ட்ரான்கள் அந்த வளையத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து செனான் அணுக்களில் மோதி அவற்றை அயனிகளாக, அதாவது மின்னேற்றம் பெற்ற அணுக்களாக, ஆக்குகின்றன. சுமார் 350 வோல்ட் மின்னழுத்தம் அந்த அயனிகளை நொடிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் வெளியே தள்ளுகிறது. ரசாயன எஞ்சினின் புகை நொடிக்கு 3 கிலோமீட்டர் சொச்சம்தான். வெளியேறும் கற்றையில் எலெக்ட்ரான்களைத் திரும்பச் சேர்க்க எஞ்சினின் வாய்க்கு வெளியே ஒரு குழாய் இருக்கிறது. அது இல்லாவிட்டால் கலத்திலேயே மின்னேற்றம் தங்கிவிடும். மின்சாரம் முழுவதும் சூரியத் தகடுகளிலிருந்து.

வேகம் இவ்வளவு இருந்தும், கிடைக்கும் விசை 70 மில்லிநியூட்டன்தான். உள்ளங்கையில் வைத்த ஐந்து ரூபாய் நாணயம் இதைவிடக் கூடுதலாக அழுத்தும். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஒரு நாள் முழுக்கத் தள்ளினால் கலத்தின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர் மாறும். விடாமல் மாதக்கணக்கில் தள்ளினால்? அதைப் பார்க்கத்தான் காத்திருக்கிறேன்.

2003 நவம்பர் 5

சூரியனில் பெரும் புயல். பூமியைச் சுற்றியே பாதையை விரித்துக்கொண்டு போவதால், கலம் வான் ஆலன் கதிர்வீச்சுப் பட்டைகளை, அதாவது பூமியைச் சூழ்ந்து மின்னேற்றத் துகள்கள் சிக்கியிருக்கும் பகுதிகளை, திரும்பத் திரும்பக் கடக்கவேண்டியிருக்கிறது. ரசாயன ராக்கெட் சில மணி நேரத்தில் தாண்டும் இடம் இது. மெதுவாகப் போவதற்கு இது கூலி. கவலையாக இருக்கிறது.

2004 ஜனவரி 18

பட்டைகளின் மோசமான பகுதியைத் தாண்டிவிட்டது. நிம்மதி.

2004 நவம்பர் 16

சேர்ந்துவிட்டது! நேற்று நிலவுக்கு 5000 கிலோமீட்டர் அருகே வந்தது. பதின்மூன்று மாதப் பயணம். பூமியை 300 முறைக்கு மேல் சுற்றியாகிவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது கடைசிக் கட்டம்தான். ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் நிலவு வரும் நேரம் பார்த்துக் கலத்தைப் பாதையின் உச்சிக்கு, பூமியிலிருந்து மிகத் தொலைவான முனைக்கு, கொண்டுபோனார்கள். ஒவ்வொரு முறையும் நிலவின் ஈர்ப்பு கொஞ்சம் இழுத்துக் கொடுத்தது. பிறகு பூமியின் பிடியும் நிலவின் பிடியும் ஏறத்தாழ ஈடாகும் இடத்தில் மெல்ல நுழையவிட்டார்கள். பலவீனமான எஞ்சின் என்பதால்தான் இப்படி ஒரு வழி தேடவேண்டி வந்தது. அந்தப் பாதையை வகுத்தவர்களைக் கைகூப்பி வணங்கத் தோன்றுகிறது.

இங்கே வந்துசேரச் செலவான செனான் சுமார் 59 கிலோ. ஏற்றிக்கொண்டு போனதோ 82 கிலோ. மிச்சம் இருக்கிறது.

2005 செப்டம்பர் 20

செனான் தீர்ந்தது. அந்த மிச்சத்தை வைத்துத்தான் பாதையைத் திருத்தி, ஆயுளை ஓராண்டு நீட்டித்திருக்கிறார்கள். எஞ்சின் மொத்தம் 5000 மணி நேரத்தை நெருங்கி உழைத்திருக்கிறது. இதே அளவு வேக மாற்றத்தை ரசாயன எஞ்சினால் பெற வேண்டுமானால், 367 கிலோவில் 260 கிலோவாவது எரிபொருளாகவே போயிருக்கும். கருவிகளுக்கு இடம் எங்கே?

2006 செப்டம்பர் 3, ஞாயிறு

இன்று காலை 11.12க்கு ஸ்மார்ட்-1 நிலவில் மோதியது. நமக்கு நிலவு அப்போது உதித்திருக்கவில்லை. ஹவாயில் அது மாலை நேரம். அங்குள்ள கனடா-பிரான்ஸ்-ஹவாய் தொலைநோக்கி அகச்சிவப்பில் அந்தப் பளிச்சிடலைப் படம் பிடித்துவிட்டது. நொடிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில், தரையை உரசுவதுபோல், லாகஸ் எக்ஸெலன்ஷியே சமவெளியில் விழுந்திருக்கிறது. பூமியிலிருந்து பார்க்கக்கூடிய பக்கத்தில் விழட்டும் என்று, திசை திருப்ப வைத்திருந்த ஹைட்ரசின் என்ற எரிபொருளில் இயங்கும் சிறு உந்திகளை ஜூன் முதல் இயக்கிப் பாதையை நகர்த்தியிருந்தார்கள். முந்தைய சுற்றிலேயே கிளாவியஸ் என்ற பள்ளத்தின் விளிம்பில் இடித்துவிடும் அபாயம் தெரிந்ததும், கடைசி நேரத்தில் பாதையைச் சுமார் 600 மீட்டர் உயர்த்தவும் செய்தார்கள்.

ஸ்மார்ட்-1இல் இருந்த எக்ஸ் கதிர்க் கருவியின் மேம்பட்ட வடிவம் நம் சந்திரயானில் போகப்போகிறது. சந்திரயான் ரசாயன எஞ்சினோடு போகும். சீக்கிரமே போய்ச் சேரும். மனிதர்களை ஏற்றிக்கொண்டு கதிர்வீச்சில் மாதக்கணக்கில் சுற்ற முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாளை நிலவுக்குச் சாமான் ஏற்றிப்போகும் ஆளில்லாக் கலத்துக்கு அந்த அவசரம் எதற்கு? அதற்கு செனான்தான் சரி.