404 சொல்கிற லிங்க் நல்ல லிங்க்

டாக்குமெண்டேஷனில் செத்துப்போன லிங்க்கைக் கண்டுபிடிக்க யாரும் கஷ்டப்பட வேண்டியதில்லை. ஸ்ஃபிங்க்ஸ் என்கிற ஆவணக் கருவியில் எழுதுகிறீர்கள் என்றால் லிங்க்குகளைச் சோதிக்கிற லிங்க்செக் அதோடு சேர்ந்தே வருகிறது, மார்க்டவுன் என்கிற எளிய குறிமுறையில் என்றால் லிச்சி மாதிரி தனிக் கருவிகள் இருக்கின்றன, ஓட விட்டால் இருக்கிற எல்லா முகவரியையும் தட்டிப் பார்த்து எது 404 (பக்கம் இல்லை), எது 410 (நிரந்தரமாக நீக்கப்பட்டது) என்று கையில் கொடுத்துவிடும். அப்புறம் உட்கார்ந்து மாற்ற வேண்டியதுதான். ஒரு சின்னக் கட்டற்ற மென்பொருளின் ஆவணங்களைப் பார்த்துக்கொள்கிற எனக்கு எரிச்சல் தருபவை, 200, அதாவது எல்லாம் சரி, என்று நல்ல பிள்ளையாகப் பதில் சொல்லிவிட்டு உள்ளே வேறு எதையோ காட்டுகிற லிங்க்குகள்தான்.

சாதாரண வகை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். ஒரு நிறுவனம் தளத்தைப் புதுப்பிக்கும், பழைய பக்கங்களை ஒவ்வொன்றாகப் பொருத்தப் பொறுமையில்லாமல் அத்தனையையும் முகப்புக்குத் திருப்பிவிடும். கருவிக்கு 301 (வேறிடத்துக்கு மாறிவிட்டது), பிறகு 200, எல்லாம் சரி. டிரைவரை நிறுவ வழி தேடிப் போனவர் விளம்பரப் படத்தின் முன்னால் நிற்பார். ஸ்ஃபிங்க்ஸில் இதற்கு ஓரளவு வழி உண்டு: எந்தத் திருப்புதல்களை ஏற்கலாம் என்று கான்ஃபிக் கோப்பில் எழுதிவைத்தால் மற்றதையெல்லாம் எச்சரிக்கையாகக் காட்டும்.

நிரல்களைச் சேமித்துவைக்கிற கிட்ஹப் தளத்தில் ஒரு நிரலின் 120ஆவது வரிக்கு லிங்க் கொடுப்பது இன்னொரு வகை. தொடர்ந்து மாறிக்கொண்டே இருக்கிற மெயின் கிளையில் உள்ள கோப்புக்குக் கொடுத்தால், மேலே யாராவது நான்கு வரி சேர்த்த அன்றே அது வேறு எதையோ காட்ட ஆரம்பிக்கும். அந்தப் பக்கத்தில் ஒய் விசையை ஒரு தடவை அழுத்தினால் முகவரியில் கமிட் ஹாஷ் (அந்த நேரத்து நிரலின் அடையாள எண்) வந்துவிடும், பிறகு நகராது. ஆனால் சில இடங்களில் நகரத்தான் வேண்டும். பைத்தான் ஆவணத்தின் முகவரியில் 3 என்று மட்டும் இருந்தால் எப்போதும் புதிய பதிப்புக்குப் போகும், 3.11 என்று இருந்தால் அந்தப் பதிப்பிலேயே நிற்கும். எது வேண்டும் என்பது அந்த வாக்கியத்தைப் பொறுத்தது, கருவிக்குத் தெரியாது.

தமிழில் ஆவணம் எழுதினால் கூடுதலாக ஒரு தொல்லை. ஸ்ஃபிங்க்ஸ் தலைப்பிலிருந்து ஆங்கரை (பக்கத்துக்குள் ஒரு பகுதிக்கு நேராகப் போக உதவும் பெயரை) உருவாக்கும்போது தமிழ் எழுத்துகளை எல்லாம் உதறிவிடும். 'நிறுவும் முறை' என்று தலைப்பு வைத்தால் மிச்சம் ஒன்றுமே இருக்காது, உடனே தானாக ஐடி1, ஐடி2 என்று வரிசையாகப் பெயர் வைக்கும். நீங்கள் ஐடி3ஐப் பிடித்து வேறொரு பக்கத்திலிருந்து லிங்க் கொடுத்திருப்பீர்கள். அப்புறம் யாரோ அதற்கு மேலே 'தேவையானவை' என்று ஒரு பகுதி சேர்ப்பார்கள், எண்கள் எல்லாம் ஒரு படி தள்ளிப்போகும், நிறுவும் முறைக்கு என்று வைத்த லிங்க் அதற்கு முந்தைய பகுதியில் போய் நிற்கும். லிங்க்செக் ஆங்கரையும் பார்க்கும்தான். பக்கத்தில் ஐடி3 இருக்கிறதா? இருக்கிறது. பாஸ். இதற்கு ஒரே வழி, தலைப்புக்கு மேலே கையாலேயே ஒரு லேபிள் வைத்து ரெஃப் என்கிற ஸ்ஃபிங்க்ஸ் குறியீடு மூலமாக மட்டும் லிங்க் கொடுப்பது. லேபிளை ஆங்கில எழுத்தில்தான் வைக்க வேண்டும், தமிழில் வைத்தால் முகவரியில் மறுபடி எண்தான் வரும். லேபிளைத் தப்பாக அடித்தால் ஆவணத்தை உருவாக்கும் பில்டிலேயே கத்தும், அது போதும்.

முகவரி அப்படியே இருந்து, அதன் பின்னால் இருக்கிற ஆட்கள் மாறிவிடுவதும் உண்டு. 2021 மே மாதம் ஃப்ரீநோடு என்கிற ஐஆர்சி அரட்டை வலையமைப்பிலிருந்து அதன் நிர்வாகக் குழு வெளியேறி லிபெரா சாட்டைத் தொடங்கியபோது, ஏராளமான திட்டங்கள் தங்கள் ஐஆர்சி சேனலை அங்கே மாற்றிக்கொண்டன. ஆவணத்தில் பழைய முகவரியை மாற்றாத திட்டங்களில் என்ன ஆகும்? புதிதாக உதவி கேட்டு வருகிறவர் ஆளில்லாத அறையில் வணக்கம் சொல்லிவிட்டுக் காத்திருப்பார். பழைய பிரவுசர்களில் இல்லாத வசதிகளை ஈடுகட்டும் நிரலை வழங்கிவந்த பாலிஃபில் சேவையின் விவகாரம் இதைவிட மோசம். அந்த டொமைன் 2024 பிப்ரவரியில் கைமாறியது, அந்தத் திட்டத்தை உருவாக்கியவரே அப்போதே எடுத்துவிடுங்கள் என்று சொன்னார், ஜூனில் அதிலிருந்து தீங்கான நிரல் வருவது தெரிந்தது. எத்தனை பயிற்சிக் கட்டுரைகளில், எத்தனை ரீட்மீ கோப்புகளில் 'இந்த வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று அந்த முகவரி இருந்திருக்கும்! டொமைன் யார் கையில் இருக்கிறது என்று எந்த லிங்க்செக்கும் கேட்பதில்லை.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். வெளி லிங்க் சோதனையை ஒவ்வொரு புல் ரிக்வெஸ்ட்டிலும் (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லி வரும் வேண்டுகோளிலும்) ஓட விடாதீர்கள். எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்தி முதல் பேட்ச் (திருத்தம்) அனுப்பியவருக்கு, எங்கோ ஒரு சர்வர் அந்த நேரத்தில் படுத்துக் கிடந்ததற்காகச் சிவப்பு எக்ஸ் காட்டுவது அநியாயம். உள் லிங்க்கை மட்டும் அங்கே பாருங்கள், வெளி லிங்க்கை வாரம் ஒரு தடவை தனியாக ஓட விடுங்கள். தானியங்கி நிரல்களை (பாட்களை) தடுக்கும் தளங்கள் 403 (அனுமதி இல்லை), 429 (கோரிக்கைகள் அதிகம்) என்று சொல்லும், அலுத்துப்போய் அவற்றைத் தவிர்ப்புப் பட்டியலில் போடுவோம், பிறகு அந்தப் பக்கமே திரும்ப மாட்டோம். உண்மையிலேயே செத்தவை நிம்மதியாகத் தூங்குகிற இடம் அந்தப் பட்டியல்தான். ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்னாலும் அதைக் கையால் திறந்து பார்ப்பது நல்லது.

லிங்க்கை மாற்றி பேட்ச் அனுப்புகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: பழைய பக்கத்தில் என்ன இருந்தது என்று பழைய பக்கங்களைச் சேமித்துவைக்கிற வேபேக் மெஷினில் பார்த்து, புதியதிலும் அதுவே இருக்கிறது என்று கமிட் செய்தியில் (மாற்றத்தோடு எழுதும் குறிப்பில்) ஒரு வரி எழுதிவிடுங்கள். அது இல்லாவிட்டால் மெர்ஜ் செய்கிறவர், அதாவது மாற்றத்தை ஏற்றுச் சேர்க்கிறவர், இரண்டையும் திறந்து வைத்துக்கொண்டு முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கிறது.