வாசல்ல ஒரு முழம் மண்ணு

மீன் கடைக்கு ஐஸ் போட்டு மீன் வருமே வெள்ளை தெர்மோகோல் பெட்டி, அதுல எத்தனை வீட்டுக் கறிவேப்பிலையும் கீரையும் வளருதுன்னு பாக்கணும்னா நாகர்கோவில்ல ஒழுகினசேரி பக்கம் பழையாத்துக் கரையோரமா உள்ள முடுக்குகள்ல நடந்து பாருங்க. ஒரு ரூமு, சமைக்க ஒரு ஓரம், மேல ஷீட்டு, அவ்வளவுதான் வீடு. ரெண்டு வீட்டுக்கு நடுவுல ஒரு பைக் போற அளவுதான் வழி. அதுலயும் சுவரை ஒட்டி பெயிண்ட் வாளி, ஓட்டைக் குடம், சிமெண்ட் சாக்குன்னு வரிசையா இருக்கும், எல்லாத்துலயும் மண்ணு, எல்லாத்துலயும் ஏதோ ஒண்ணு முளைச்சு நிக்கும்.

இதைப் பொழுதுபோக்குன்னு யாராவது சொன்னா எனக்கு கோவம் வரும். எங்க சித்தி வீடு அங்கதான். குழாய்த்தண்ணி தினமும் வராது, அதனால செடிக்குன்னு தனியா தண்ணி கிடையாது, ஒரு தடவை பயன்பட்ட தண்ணிதான் செடிக்குப் போகும். அரிசி கழுவின தண்ணி பசலைக்கு. சாளை மீன் கழுவின தண்ணி கறிவேப்பிலைக்கு, அதுவும் சும்மா ஊத்தமாட்டாவ, தூரை விட்டுக் கொஞ்சம் தள்ளிக் குழிச்சு ஊத்தி, மண்ணைப் போட்டு மூடி, மேல ஒரு ஓட்டுத் துண்டு வைப்பாவ, இல்லன்னா ராத்திரி பூனை வந்து தோண்டிரும். வெந்நிக்கு மட்டை எரிச்ச சாம்பலை விடியக்காலம் பனி காயுறதுக்கு முந்தி வழுதலங்கா, அதான் கத்திரிக்கா, இலை மேல தூவுவாவ, அசுவினிப் பூச்சி அண்டாதாம். எந்தச் செடிக்கு எது புடிக்கும்னு சித்திக்கு அத்துப்படி, எங்க சித்தப்பாவுக்கு எது புடிக்கும்னு கேட்டா கூட யோசிச்சுதான் சொல்லுவாவ.

காந்தாரி மொளகை மட்டும் அங்க யாரும் நட்டது கிடையாது. கொண்டைக்குருவி தின்னுட்டுப் போய் எச்சம் போடுற இடத்துல அதுவா முளைக்கும். நமக்கு நாக்கு எரியுது, பறவைக்கு அந்த எரிப்பு தெரியாது, விதையும் உடையாம அப்படியே வெளிய வந்துரும். அதான் பாத்தா ஒயருக்குக் கீழயும் ஷீட்டு ஓரத்துலயும் குருவி வந்து உக்காருற இடமா பாத்து நிக்கும். யாரும் புடுங்க மாட்டாவ. யார் சுவர்ப் பக்கம் நின்னாலும் எல்லாருக்கும் பொது. மரச்சீனிக் கிழங்கு அவிக்கிற அன்னைக்கு பக்கத்து வீட்டு அக்கா வந்து "மைனி, நாலு மொளகு பறிச்சுக்கிடுதேன்"னு சொல்லிட்டு அனுமதிக்கு காத்திருக்காம பறிச்சிட்டுப் போவா. சின்ன உள்ளியும் உப்பும் வச்சு உடைச்சு தேங்காண்ணை ஊத்தினா வேற கறி வேண்டாம்.

கவனிச்சா ஒண்ணு புரியும், வாளியில நிக்கிறது எல்லாம் தூக்கிட்டுப் போகக்கூடியது. பட்டா இல்லாத இடம், என்னைக்கு காலி பண்ணச் சொல்லுவாங்களோ தெரியாது, வாடகை வீடுன்னா சொல்லவே வேண்டாம். மாமரமும் பலாவும் நடணும்னா அந்த மண்ணு நாளைக்கும் நமக்குன்னு ஒரு தைரியம் வேணும். அதையும் மீறி ஒருத்தர் முருங்கையைத் தரையில நடுறாருன்னா இங்கதான் இருப்பேன்னு சொல்லுதாருன்னு அர்த்தம். 2017 நவம்பர் 30-ல ஓக்கி புயல் அடிச்சப்ப அந்த முடுக்குல நின்ன முருங்கை முறிஞ்சு விழுந்துச்சு. கரண்ட் இல்லாம கிடந்த அந்த நாட்கள்ல பொம்பளைங்க அதைக் கம்பு கம்பா வெட்டி வீட்டுக்கு ஒண்ணா நட்டாவ. அடிமரமும் திரும்பத் துளிர்த்துச்சு.

தோட்டக்கலைத்துறை மானியத்துல மாடித்தோட்ட கிட்டு குடுக்காங்க, பை, தேங்கா நார்க்கழிவு, விதை, உயிர் உரம் எல்லாம் இருக்கும், நல்ல திட்டம்தான். ஆனா அதுக்கு மாடி வேணும். ஷீட்டு மேல பை வைக்க முடியுமா? இவங்க செய்யுறது வேற, கீழ ஒரு மத்தங்கா விதையைப் போட்டு கயிறு கட்டி கொடியை ஷீட்டு மேல ஏத்தி விடுவாங்க, சித்திரை வெயில்ல அந்த வீட்டுக்குள்ள நுழைஞ்சாலே வித்தியாசம் தெரியும். இதுக்கு எந்த கிட்டும் வேண்டாம், கொடி வேர் விட தரையில கொஞ்சம் மண்ணு இருந்தா போதும்.

அந்த மண்ணுதான் இப்ப போயிட்டிருக்கு. முடுக்குல இன்டர்லாக் கல்லு போட்டாங்க. சேறு போச்சு, வயசானவங்க பயமில்லாம நடக்காவ, அது சந்தோஷம். ஆனா சுவருக்குச் சுவர் போட்டு ஓரத்துல சிமெண்டும் பூசியாச்சு, சேம்பு, பசலை, மத்தங்கா நின்ன இடம் எல்லாம் மூடிட்டு. நமக்கு தென்மேற்கும் வடகிழக்கும் ரெண்டு மழையும் உண்டு, முன்ன அது கொஞ்சமாவது மண்ணுக்குள்ள இறங்கும், இப்ப வாசப்படியைத் தாண்டி எட்டிப் பாக்குது. ஒரு பக்கம் ஒரு முழம் அகலத்துக்கு மண்ணை விட்டுட்டு கல்லு போட்டிருந்தா செலவு குறைஞ்சிருக்கும், கூடியிருக்காது. புதுசா அடுக்குமாடி கட்டிக் குடுக்கிற இடத்துலயும் இதைத்தான் கேக்கணும், வீட்டுக்கு ஒரு வாளி வைக்க வராண்டா ஓரமும், கீழ எல்லாருக்கும் பொதுவா ஒரு துண்டு மண்ணும்.

ஒரு விஷயம் எல்லாரும் கேக்கணும். டெங்கு கொசு தேங்கி நிக்கிற நல்ல தண்ணி ஓரமா, பாத்திரத்தோட உள்பக்கத்துல ஒட்டி முட்டை போடும், தண்ணி வத்தினாலும் முட்டை மாசக்கணக்குல காய்ஞ்சு கிடந்து அடுத்த தண்ணியில பொரியும். அதனால தொட்டிக்கு அடியில தட்டு வைக்காதீங்க, வச்சா வாரம் ஒரு தடவை கவுத்து உள்பக்கம் தேய்ச்சுக் கழுவுங்க. செடியைக் கொண்டு போகச் சொல்லி ஆள் வர்றதுக்கு நாமளே காரணம் குடுக்கக் கூடாது.

முருங்கைக் கம்பு வேணும்னா ஜூன் மழை தொடங்குறதுக்கு முந்தி வெட்டுங்க. கைத்தண்டி மொத்தத்துல இடுப்பு உயரக் கம்பு, சில நாள் நிழல்ல வச்சு வெட்டுவாய் காய்ஞ்ச பிறகு, தண்ணி தேங்காத மேட்டுல நடணும். மேல்நுனியில சாணி அப்பி விடுங்க, மழைத்தண்ணி இறங்கி அழுகாது.