கம்பி மாற்றும் மாதம்

ஜூன் 3

தாழ்ந்த சுரங்களை வாசிக்கிற பேஸ் கிடாரில் கிடந்த பழைய ஃப்ளாட்வவுண்ட் கம்பிகளைக் கழற்றிவிட்டு ரவுண்ட்வவுண்ட் ஏற்றினேன். முதல் பாட்டிலேயே டிரம்மர் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். பேஸ் வாசிக்கிறவனை டிரம்மர் நிமிர்ந்து பார்ப்பதே பெரிய விஷயம்தான்.

ஃப்ளாட்வவுண்டில் நடுக்கம்பியின் மேல் தட்டையான உலோக நாடா சுற்றியிருக்கும். விரலுக்கு வழுவழுப்பாக இருக்கும். ‘தும்’ என்று எழும் ஒலி சட்டென்று அடங்கிவிடும். ரவுண்ட்வவுண்டில் சுற்றியிருப்பது உருண்டைக் கம்பி. விரல் நகர்ந்தால் சரசரக்கும், ஆனால் மேற்சுரங்கள், அதாவது அடிப்படை ஒலியோடு கூடவே எழும் உயர்ந்த அதிர்வுகள், நெடுநேரம் நிற்கும். மேற்சுரம்தான் இங்கே சங்கதி. தடித்த ஈ கம்பியின் அடிப்படை அதிர்வு சுமார் 41 ஹெர்ட்ஸ். சின்ன ஸ்பீக்கரில் அது வராது. கேட்டதாக நாம் நினைப்பது பெரும்பாலும் 82, 123 என்று அதன் மடங்குகளில் எழுபவற்றைத்தான். அவை இல்லாமல் இரண்டு கிடார்களுக்கு நடுவே பேஸ் வாசித்தால், வயிற்றில் ஏதோ அதிரும். என்ன வாசித்தாய் என்று யாருக்கும் தெரியாது.

ராக் பேஸ் இந்தக் கம்பிக்கு மாறியதில் பெரும்பங்கு ‘தி ஹூ’ என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் பேஸ் வாசிப்பாளர் ஜான் என்ட்விசிலுக்கு. இந்த மாதம் முழுக்க அவரைத்தான் கேட்பதென்று முடிவு.

ஜூன் 5

என்ட்விசில் 1944-ல் லண்டனில் பிறந்து, சிசிக்கில் வளர்ந்தவர். பியானோ, டிரம்பெட், பிரெஞ்சு ஹார்ன் என்று முறையாகப் படித்தவர். பள்ளித் தோழன் பீட் டவுன்ஷெண்டோடு சேர்ந்து முதலில் வாசித்தது பழைய பாணி ஜாஸ். இவர் டிரம்பெட், அவர் பேஞ்சோ. பிறகு கிடாரைத் தொட்டுப் பார்த்தார். விரல்கள் பெரிது, சரிப்படவில்லை. அமெரிக்கக் கிடார் கலைஞர் ட்யூன் எடியின் கனத்த ஒலி காதில் விழுந்ததும் பேஸ் பக்கம் திரும்பினார். வாங்க வசதியில்லாததால் வீட்டிலேயே ஒன்று செய்துகொண்டார். அதைத் தூக்கிக்கொண்டு தெருவில் போனவரைப் பார்த்துத்தான் ரோஜர் டால்ட்ரி தன் ‘டீடூர்ஸ்’ குழுவுக்கு அழைத்தார். அதுதான் பிறகு தி ஹூ ஆனது.

பகலில் வருமான வரி அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. மேடையில் அந்த மனிதர் சிலை மாதிரி நின்றதைப் பார்த்தால் நம்பலாம்.

ஹார்ன் படித்தவர் என்பதை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அவருடைய பேஸ் வரிகள் கிடார்க்காரன் யோசிக்கிற மாதிரி இல்லை. மூச்சு விட்டு மூச்சு எடுத்து ஊதுகிறவன் யோசிக்கிற மாதிரி இருக்கின்றன. ஒரு சொற்றொடர், ஒரு நிறுத்தம், பதிலாக இன்னொன்று.

ஜூன் 9

‘மை ஜெனரேஷன்’, 1965. ராக்கின் முதல் பேஸ் சோலோக்களில் ஒன்று. கிடார் சோலோ வரவேண்டிய இடத்தில் பேஸை விட்டார்கள், கிடார் நடுநடுவே பதில் சொல்கிறது.

இதன் பின்கதையை அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். முதலில் டேனலெக்ட்ரோ பேஸில் வாசித்தார். அதன் கம்பிகள் மெல்லியவை, பளிச்சென்று ஒலிப்பவை. அவருக்கு வேண்டிய ஒலி அதுதான். ஆனால் வாசித்த வேகத்தில் அறுந்துபோயின. மாற்றுக் கம்பி தனியாகக் கிடைக்கவில்லை என்பதால் இன்னொரு பேஸையே வாங்கினார். அதிலும் அறுந்தது. கடைசியில் ஃபெண்டர் ஜாஸ் பேஸில், சற்று எளிமையாக்கி வாசித்ததுதான் நாம் கேட்கும் பதிவு.

ஒரு கம்பிக்காக ஒரு வாத்தியம் வாங்கிய மனிதர்! என்ட்விசில் என்றாலே எல்லாரும் சத்தத்தைப் பேசுகிறார்கள். எனக்கென்னவோ அந்த மனிதரின் மொத்தத் தேடலும் கம்பியிலிருந்துதான் தொடங்குகிறது. ஆம்ப், ஸ்பீக்கர் எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை.

ஜூன் 10

சோலோவைப் பாதி வேகத்தில் வாசித்தேன். விரல் நுனி எரிகிறது. ரவுண்ட்வவுண்ட் அரம் மாதிரி.

ஜூன் 14

1966. ரோட்டோசவுண்ட் நிறுவனத்தை நடத்திய ஜேம்ஸ் ஹவ்விடம் போனார் என்ட்விசில். அன்று கிடைத்த கம்பிகளில் அவருக்கு ஒரு பெரிய குறை: மெல்லிய கம்பிகள் இரண்டும் நன்றாக ஒலித்தால், தடித்த ஈ, ஏ கம்பிகள் செத்துக் கிடக்கும். நான்கும் ஒரே பளபளப்போடு, பியானோவின் கீழ் ஸ்தாயி மாதிரி ஒலிக்க வேண்டும் என்று கேட்டார். இருவருமாகச் சுற்றிப் பார்த்து, மாற்றி, மறுபடி சுற்றி வந்ததுதான் ‘ஸ்விங் பேஸ் 66’. எஃகு ரவுண்ட்வவுண்ட். இன்றும் விற்கிறார்கள், நான் ஏற்றியிருப்பதும் அதுவேதான்.

நியாயத்துக்கு எதிர்க்கட்சியையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் மோட்டவுன் நிறுவனப் பதிவுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன், 1962 ஃபெண்டர் பிரிசிஷன் பேஸில் கனத்த ஃப்ளாட்வவுண்ட் போட்டு, அறுந்தாலொழிய மாற்றாமல், வலது கையில் ஒரே விரலால் வாசித்தவர். அழுக்கேறிய கம்பியில்தான் சுகமே என்ற கட்சி. அவரைக் கேட்டால் அதுவும் சரி என்றுதான் படுகிறது. ஆனால் அவரோடு ஒத்திசைத்த டிரம்மர்கள் தாளத்தைக் கட்டிக் காத்தவர்கள். என்ட்விசிலுக்கு வாய்த்த டிரம்மர் கீத் மூன்.

ஜூன் 17

மூன் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். அவர் தாளத்தைப் பிடித்து நிற்பவர் அல்ல, பாட்டு முழுக்க உருட்டிக்கொண்டே போகிறவர். கிடாரில் டவுன்ஷெண்டோ, பல சுரங்களை ஒன்றாக மீட்டும் பெரிய ‘கார்டு’களை வீசுகிறவர். ஆக, இந்தக் குழுவில் கிடார் தாளத்தைத் தாங்க, டிரம்ஸ் அலங்காரம் செய்ய, மெலடிக்கான இடம் காலி. அங்கே பேஸ் உட்கார்ந்துவிட்டது.

1973-ல் வந்த ‘குவாட்ரோஃபீனியா’வில் ‘தி ரியல் மீ’ கேட்டேன். குரலுக்கும் டிரம்ஸுக்கும் நடுவே பேஸ்தான் சோலோ வாசிக்கிறது, பாட்டு முழுக்க. முதல் டேக், அதுவும் விளையாட்டாக வாசித்தது என்று அவர் சொல்லியிருக்கிறார். வயிற்றெரிச்சல். அந்த ஆல்பத்தின் ஹார்ன்கள் எல்லாமும் அவர் வாசித்தவையே.

ஜூன் 20

இன்று முழுக்க வயரோடு மல்லுக்கட்டு. என்ட்விசில் தன் ஒலியை இரண்டாகப் பிரித்தவர்: தாழ்ந்த பகுதிக்கு ஒரு ஆம்ப், உயர்ந்த பகுதியான ட்ரெபிளுக்குத் தனி ஆம்ப். முழு ஒலியையும் ஒரே ஆம்பில் ஏற்றிக் கரகரக்க வைத்தால் (அதுதான் டிஸ்டார்ஷன்) அடிப்பகுதி நசுங்கிக் கனம் போய்விடும். பிரித்துவிட்டால், கீழே சுத்தமாக விட்டுவிட்டு மேலே மட்டும் வேண்டிய அளவு டிஸ்டார்ஷன் ஏற்றலாம்.

200 ஹெர்ட்ஸுக்குக் கீழ் ஒரு வழி, மேல் ஒரு வழி என்று பிரித்துப் பார்த்தேன். மேல் பகுதியைத் தனியாகக் கேட்டால் தகரத்தில் ஆணி கீறுகிற மாதிரி நாராசம். இரண்டையும் சேர்த்ததும் தலைகீழ். பாடகர் வந்து, “என்ன, புது பேஸா?” என்றார். இல்லை, பழசேதான்.

ஜூன் 22

சத்தத்தைப் பற்றியும் எழுதாமல் தீராது. மார்ஷலின் நான்கு 12 அங்குல ஸ்பீக்கர் கொண்ட பெட்டியை என்ட்விசில் வாங்கினார்; தன் கிடார் கேட்கவில்லை என்று டவுன்ஷெண்டும் வாங்கினார்; அப்படியே ஒருவரை ஒருவர் மிஞ்சி 100 வாட் ஆம்ப் வரை போனது. 1976 மே 31 அன்று லண்டன் சார்ல்டன் கால்பந்து மைதானத்தில் 32 மீட்டர் தூரத்தில் 126 டெசிபல் அளந்து, கின்னஸ் புத்தகத்தில் ஏற்றினார்கள். கின்னஸே பிற்பாடு, காது கெடும் என்று இந்தப் பிரிவைக் கைவிட்டது. டவுன்ஷெண்டின் காதில் இரைச்சல் தங்கியே விட்டது. இதில் பெருமைப்பட எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நான் காதடைப்பான் போட்டுத்தான் ஒத்திகைக்குப் போகிறேன்.

ஜூன் 24

என்ட்விசில் வாசித்த பேஸ்கள், சுருக்கமாக. 1967-ல் உடைந்த ஐந்து பேஸ்களின் பாகங்களைப் பொறுக்கிச் சேர்த்த பிரிசிஷன், பெயர் ‘ஃப்ராங்கன்ஸ்டைன்’. எழுபதுகளில் கிப்சன் தண்டர்பேர்ட், பிறகு அலெம்பிக். எண்பதுகளில் வார்விக் செய்த ‘பஸ்ஸர்ட்’, கழுகு மூக்கோடு. அதுவே பின்னர் ஸ்டேட்டஸ் நிறுவனத்தில் கிராஃபைட்டில் வந்தது. மரம் ஒலியைத் தின்னும், கிராஃபைட் அவ்வளவாகத் தின்னாது. பஸ்ஸர்டின் தோற்றம் எனக்குப் பிடிக்காது. ஆனால் தேடல் மாறவே இல்லை என்பதற்கு அதுவே சாட்சி.

என்ட்விசிலின் ‘டைப்ரைட்டர்’ முறை பழகினேன். கம்பியை இழுக்காமல், விரல் நுனிகளால் மேலிருந்து தட்டி, கழுத்தில் பதித்த உலோகப் பட்டையான ஃப்ரெட்டில் மோதவிடுவது. இந்தக் கம்பி இல்லாமல் அது எடுபடாது. ஃப்ளாட்வவுண்ட் மாட்டிய இன்னொரு பேஸில் செய்து பார்த்தேன். மேஜையைத் தட்டிய சத்தம்தான் வந்தது.

ஜூன் 27

2002-ல் இதே நாள், லாஸ் வேகஸில், அமெரிக்கச் சுற்றுப்பயணம் தொடங்குவதற்கு முந்தின தினம் என்ட்விசில் இறந்தார். வயது 57. ஏற்கெனவே இருந்த இதய நோய், அதோடு கொக்கைன். அடுத்த ஆண்டு பேஸ்கள் சோத்பீஸ் ஏலத்துக்குப் போயின. வாரிசு வரி கட்ட வீட்டையும் விற்றார்கள். வரி அலுவலகக் குமாஸ்தாவாக ஆரம்பித்தவர்!

2015-ல் இதே ஜூன் 27 அன்றுதான் ‘யெஸ்’ குழுவின் கிறிஸ் ஸ்குயரும் போனார். ரிக்கன்பேக்கர் பேஸ், பளிச்சென்ற ட்ரெபிள், பாட்டின் நடுவே நடந்துவரும் பேஸ். என்ட்விசிலிடமிருந்து கற்றதை மறைக்காதவர்.

ஜூலை 1

அவர் இறந்த நான்காம் நாளே, 2002 ஜூலை 1 அன்று, ஹாலிவுட் பவுலில் தி ஹூ மேடையேறியது. பேஸில் பினோ பல்லடினோ. எண்பதுகளில் ஃப்ரெட்லெஸ், அதாவது ஃப்ரெட் இல்லாத பேஸால் பெயர் வாங்கியவர். 2000-ல் பாடகர் டி’ஏஞ்சலோவின் ‘வூடூ’ ஆல்பத்தில் அடங்கிய, இருண்ட ஒலியில் வாசித்தவர். என்ட்விசிலுக்கு நேர் எதிர்த் திசை. அந்த இடத்தில் இன்னொரு என்ட்விசிலைத் தேடாமல் விட்டது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

சனிக்கிழமை பதிவு இருக்கிறது. வேகப் பாட்டுகளுக்கு ரவுண்ட்வவுண்ட், இரண்டு வழி ஆம்ப். மெதுவான ஒன்றுக்கு மட்டும் ஃப்ளாட்வவுண்ட் பேஸை எடுத்துப் போகிறேன். அதில் ஜேமர்சன் கட்சி.