சுருட்டை முடியோடு பழகிய ஒன்றரை வருஷம்

என் மகளுக்கு அப்போது ஆறு வயது. ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கண்ணாடி முன்னால் நின்று, இரண்டு கையாலும் தலைமுடியை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, "அம்மா, உனக்குச் செஞ்ச மாதிரி எனக்கும் நேராக்கி விடுறியா?" என்று கேட்டாள். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் தம்பி கல்யாணத்துக்காக ஒரு பார்லரில் 6,500 ரூபாய் கொடுத்து ஸ்மூத்தனிங் செய்திருந்தேன்.

அவளுக்கு என் முடி. எனக்கு அப்பாவைப் பெற்ற ஆச்சியின் முடி. மூன்று பேருமே 'பரட்டை' என்று பேர் வாங்கினவர்கள். ஆச்சி எண்ணெயை அப்பி இறுக்கிக் கொண்டை போட்டுவிடுவாள். எனக்கு அம்மா வலிக்க வலிக்கச் சீவி ரெட்டைச்சடை போட்டாள். நான் வளர்ந்ததும் காசு கொடுத்து நேராக்கிக்கொண்டேன். அடுத்தது இவள் முறையா என்று நினைத்தபோது மனசு கேட்கவில்லை.

எங்களுக்குச் செங்கோட்டை. ஜூன் பிறந்தால் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் உள்ளே வரும். ஆகஸ்ட் வரை விடாது. அந்த வருஷச் சாரலில் என் தலை இரண்டு பேருடைய தலை மாதிரி ஆனது. அடியில் புதிதாக முளைத்த முடி சுருண்டு நிற்க, நுனி மட்டும் கயிறு மாதிரித் தொங்கியது. ஸ்மூத்தனிங் மருந்து ஏற்கனவே வளர்ந்த முடியைத்தான் மாற்றும். முடி முளைக்கிற வேர்க்குழியின் வடிவம் மாறாது. அது வளைந்திருந்தால் முடியும் வளைந்துதான் வரும். இதைத் தெரிந்துகொண்ட அன்றைக்கே, மறுபடி பார்லருக்குப் போவதில்லை என்று முடிவு செய்தேன். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரான நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே வந்தேன். ஒரேயடியாக வெட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. தைரியம் இருப்பவர்கள் வெட்டிவிடுங்கள். நடுவில் இருக்கும் அந்தச் சந்திப்பில்தான் முடி பொட்டுப் பொட்டென்று ஒடியும்.

ஆண்ட்ரே வாக்கர் என்ற அமெரிக்க முடி ஒப்பனைக் கலைஞர் முடியை எண்ணும் எழுத்துமாக வகை பிரித்திருக்கிறார். நேரான முடி 1, நெளி முடி 2, சுருள் முடி 3, மிக இறுக்கமான சுருள் 4. கூட வரும் ஏ, பி, சி எழுத்து, அந்த வகைக்குள் வளைவு எவ்வளவு இறுக்கம் என்று சொல்லும். அதன்படி எனக்கு 2சி, மகளுக்கு 3ஏ. முதல் மாதம் முழுக்க இந்த எண்ணைக் கண்டுபிடிப்பதிலேயே போனது. இப்போது கேட்டால், அந்த எண்ணைவிட முடி எவ்வளவு அடர்த்தி, தண்ணீரை எவ்வளவு சீக்கிரம் உறிஞ்சுகிறது, எவ்வளவு நேரத்தில் காய்கிறது என்று பார்ப்பதுதான் உதவும் என்பேன்.

உண்மையில் வழி காட்டியது புனலூர் அத்தை. என் தாய்மாமா மனைவி. கல்யாணமாகிப் போய் முப்பது வருஷமாக அங்கேதான் இருக்கிறார். பேச்சில் பாதி மலையாளம். ரயில் போகும் பதிமூன்று கண் பாலத்தைப் பார்க்க வேண்டும் என்று மகள் கேட்டதால் ரயிலில் அழைத்துப் போயிருந்தேன். மறுநாள் காலையில் நான் வழக்கம்போல் அவளை உட்காரவைத்துக் காய்ந்த தலையில் சீப்பை விட்டேன். அவள் அழ ஆரம்பித்தாள். அத்தை சீப்பைப் பிடுங்கி வைத்துவிட்டு, "ஒணங்கின முடியைத் தொடாதே மோளே. நனையட்டும், பின்னே விரலை விடு" என்றார். அவர் வீட்டில் இதற்குச் 'சுருண்ட முடி' என்றுதான் பேர். பரட்டை என்ற சொல்லை அங்கே ஒருவரும் சொல்லவில்லை.

தோட்டத்துச் செம்பருத்தியில் இரண்டு கைப்பிடி இலை பறித்து, தண்ணீரில் போட்டுக் கையாலேயே கசக்கினார். பத்து நிமிஷத்தில் வெண்டைக்காய்ச் சாறு மாதிரிக் கொழகொழவென்று பச்சையாக ஒன்று வந்தது. அதைத் துணியில் வடிகட்டினார். அதுதான் தாளி. மகள் தலையை நனைத்து நாலு பாகமாகப் பிரித்து, தாளியைத் தடவி, நுனியிலிருந்து ஆரம்பித்து விரலால் சிக்கு எடுத்தார். அவள் ஒருதரம்கூட 'ஆ' என்று சொல்லவில்லை. ஊருக்கு வந்து நானும் செய்து பார்த்தேன்; நேரம் மிச்சம் என்று மிக்ஸியில் அரைத்துவிட்டேன். இலைத் துணுக்குகள் சுருளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு இரண்டு நாள் உதிர்ந்தன. அரைக்காதீர்கள். கையால் கசக்கி மெல்லிய துணியில் வடிகட்டுங்கள்.

காய்ந்த முடியைத் தொடாதே என்று அத்தை சொன்னதற்கான காரணத்தைப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். முடிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் தண்ணீர் பட்டால் விடும். காயும்போது மறுபடி சேரும். எந்த வடிவத்தில் காய்கிறதோ அந்த வடிவத்தில் நிற்கும். சுருள் சேரச் சேர ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்தால் கொத்துக் கொத்தாக அழகாக நிற்கும். காய்ந்த பிறகு சீவினால் அந்தக் கொத்து இழை இழையாகப் பிரிந்து பஞ்சாகிவிடும். நாங்கள் மூன்று தலைமுறையாக இதைத்தான் செய்துகொண்டிருந்தோம். நேர் முடிக்கான பழக்கத்தைச் சுருள் முடியில் செய்துவிட்டு, முடியைக் குறை சொன்னோம். எனக்கு இன்னும் ஆச்சியை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

அத்தை கொடுத்துவிட்ட இன்னொரு பொருள் தோர்த்து. கேரளத்தில் எல்லா வீட்டிலும் கிடக்கும் மெல்லிய பருத்தித் துண்டு. சொரசொரப்பான தேங்காய்ப்பூத் துண்டால் தேய்த்துத் துவட்டியதுதான் என் முடி பறந்ததற்குப் பாதிக் காரணம். இப்போது தேய்ப்பதே இல்லை. கட்டிலில் தோர்த்தை விரித்து, குனிந்து முடி முழுவதையும் அதன்மேல் மடித்து இறக்கி, பின்கழுத்தில் முடிச்சுப் போட்டு இருபது நிமிஷம் விட்டுவிடுகிறேன். தனியாகத் துண்டு எதுவும் வாங்க வேண்டாம்; பழைய பனியன் துணி இருந்தாலும் போதும்.

சரி, சுருள் கலையாமல் நிற்கத் தடவும் ஜெல்லுக்கு வருகிறேன். ஆளி விதை மூன்று மேஜைக்கரண்டி, தண்ணீர் இரண்டு கப். அடுப்பில் வைத்துக் கிண்டிக்கொண்டே இருந்தால் எட்டுப் பத்து நிமிஷத்தில் முட்டை வெள்ளைக்கரு பதம் வரும். உடனே, சூடாக இருக்கும்போதே வடிகட்டிவிட வேண்டும். ஆறவிட்டால் விதையும் ஜெல்லும் பிரியாது. ஒரு சட்டி முழுக்க அப்படித்தான் வீணானது. ஃபிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். தண்ணீர் சொட்டச் சொட்ட இருக்கும் முடியில் இதைத் தடவி, நுனியை உள்ளங்கையில் ஏந்தி வேரை நோக்கி மெதுவாகப் பிசைந்துவிட வேண்டும். காய்ந்ததும் கஞ்சி போட்ட துணி மாதிரி மொடமொடவென்று இருக்கும். பயந்துவிடாதீர்கள். முழுக்கக் காய்ந்த பிறகு உள்ளங்கையில் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டு கசக்கினால் அந்த மொடமொடப்பு போய்விடும், சுருள் நிற்கும்.

கடை ஜெல்லையும் வாங்கிப் பார்த்தேன். அதில் கிளிசரின் நிறைய இருந்தது. காற்றில் இருக்கும் ஈரத்தை அது இழுக்கும். சாரல் காலத்தில் இழுத்து இழுத்து முடி உப்பியது. அதனால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஆளி விதை மட்டும். கோடையில் அதற்கு அடியில் கொஞ்சம் கண்டிஷனரையும் தடவி அப்படியே விடுகிறேன்.

நான் செய்த பெரிய தப்பு ஷாம்பூவை அடியோடு விட்டது. ஷாம்பூவை நுரைக்கவைக்கும் சல்பேட் கூடாது, முடிமேல் படியும் சிலிகான் கூடாது என்று படித்துவிட்டு, கண்டிஷனரை வைத்தே தலை அலசினேன். எங்கள் வீட்டு வழக்கப்படி எண்ணெயும் உச்சியில் வைத்தேன். ஆறாவது வாரம் தாங்க முடியாத அரிப்பு. தென்காசியில் தோல் மருத்துவர் பார்த்துவிட்டுப் பொடுகு என்றார். மலசீசியா என்ற பூஞ்சை தலையில் ஊறும் எண்ணெயைத் தின்றுதான் பெருகுமாம். கீட்டோகோனசோல் 2 சதவீத ஷாம்பூவை வாரம் இருமுறை, ஐந்து நிமிஷம் ஊறவைத்து அலசச் சொன்னார். ஒரு மாதத்தில் அடங்கியது. நம் ஊர் வேர்வைக்குத் தலைத்தோல் சுத்தமாக இருக்க வேண்டும். இப்போது வாரம் இருமுறை சல்பேட் இல்லாத ஷாம்பூ, தலைத்தோலில் மட்டும். கண்டிஷனர் காதுக்குக் கீழே மட்டும்.

எண்ணெயை விடவில்லை, இடத்தை மாற்றினேன். குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு தேங்காய் எண்ணெயை முடியின் நடுவிலிருந்து நுனி வரை தடவுகிறேன். சுருள் வளைவுகளில் தலைத்தோலின் எண்ணெய் நுனி வரை இறங்காது. நுனிதான் காய்ந்து கிடக்கும். தேங்காய் எண்ணெய் முடித்தண்டின் உள்ளே இறங்கிப் புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது என்று, சூரியகாந்தி எண்ணெயோடும் மினரல் ஆயிலோடும் ஒப்பிட்டு 2003-இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. ஆச்சியின் எண்ணெய் சரிதான்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் வீட்டு போர் தண்ணீர் வாளியில் வெள்ளையாகப் படியும்; சோப்பு நுரைக்காது. அந்தச் சுண்ணாம்பு முடியிலும் படிந்து, என்ன தடவினாலும் வைக்கோல் மாதிரி ஆக்கிவிடும். மாதம் ஒருமுறை, அந்தச் சுண்ணாம்பைப் பிடித்து இழுத்துவரும் ஈடிடிஏ என்ற பொருள் கலந்த ஷாம்பூ போடுகிறேன். மழைக்காலத்தில் முதல் அரைமணி நேர மழையை விட்டுவிட்டு, அப்புறம் ஓட்டிலிருந்து வடியும் தண்ணீரை அண்டாவில் பிடித்து, கடைசி அலசலுக்கு வைத்துக்கொள்கிறோம். இதில் கிடைத்த வித்தியாசம் எந்தக் கிரீமிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

ராத்திரி முடியை உச்சியில் தளரச் சுற்றிவிட்டுப் படுக்கிறோம். அம்மாவின் கிழிந்த பட்டுச் சேலையில் இரண்டு தலையணை உறை தைத்தேன். மறுநாள் தண்ணீர் தெளித்து ஒரு கசக்கு. அவ்வளவுதான்.

பள்ளிக்கூடத்தில் ரெட்டைச்சடை கட்டாயம். அதற்கு மட்டும் இன்னும் நல்ல வழி கிடைக்கவில்லை. முடியை நனைத்து, கண்டிஷனர் தொட்டு, நெற்றிப் பக்கம் இழுக்காமல் தளரப் பின்னி ரிப்பன் கட்டி அனுப்புகிறேன். சனிக்கிழமை அவிழ்த்துவிடுவோம். போன வாரம் அவளே தோர்த்தை விரித்துத் தலையைக் கவிழ்த்தாள். முடிச்சுப் போடத் தெரியாமல், "அம்மா, இதை மட்டும் கட்டிவிடு" என்று கூப்பிட்டாள்.