முழுவதும் படித்தீர்களா?

அக்டோபர் 6, 2025, திங்கள்

தடை செய்யப்பட்ட புத்தகங்களுக்கான வாரம் நேற்று தொடங்கியது. அமெரிக்க நூலகங்கள் 1982-லிருந்து இதைக் கடைப்பிடித்து வருகின்றன. எங்கள் நூலக நுழைவாயில் மேசையில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஓர் அம்மா கவுன்ட்டருக்கு வந்தார். கையில் பதின்வயதினர் பிரிவுப் படக்கதை ஒன்று. சில பக்கங்களில் மஞ்சள் ஒட்டுத்தாள்கள். "என் மகன் பையில் இருந்தது. இதை இங்கிருந்து எடுத்துவிடுங்கள்" என்றார். குரல் நடுங்கியது.

உட்காரச் சொல்லி, மறுபரிசீலனைப் படிவத்தைக் கொடுத்தேன். எந்தப் பகுதி உங்களை உறுத்தியது? நூலகம் என்ன செய்ய வேண்டும்? முழுவதும் படித்தீர்களா? கடைசிக் கேள்விக்கு "இல்லை" என்று நேர்மையாகவே எழுதினார். தன் பிள்ளை எதைப் படிக்கலாம் என்று முடிவு செய்ய அவருக்கு முழு உரிமை உண்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்து முடிவு செய்யத்தான் உரிமை இல்லை. இதை அவரிடமும் தன்மையாகச் சொன்னேன்.

அவர் போனதும் புத்தகத்தை அதன் தட்டிலேயே வைத்தேன். முடிவு வரும்வரை அது அங்கேதான் இருக்கும். எங்கள் விதி அப்படி.

அக்டோபர் 7, செவ்வாய்

நாங்கள் இருப்பது இல்லினாய். கட்சி, கொள்கை காரணமாகப் புத்தகத்தைத் தடை செய்யும் பொது நூலகத்துக்கு மாநில மானியம் கிடையாது என்ற சட்டம் 2024 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. அந்தத் தைரியத்தில்தான் நேற்று நிதானமாகப் பேச முடிந்தது.

அக்டோபர் 11, சனி

இன்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பயிற்சி. கலிஃபோர்னியாவின் கெர்ன் கவுன்டி கதையைச் சொன்னேன். 1939 ஆகஸ்ட். ஜான் ஸ்டைன்பெக்கின் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' வெளிவந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. பிழைப்புத் தேடி வந்த கூலிக் குடும்பங்கள் கெர்ன் பகுதிப் பண்ணைகளில் படும் பாட்டை எழுதிய நாவல். பண்ணை முதலாளிகளுக்கு எரிச்சல். கவுன்டியை, அதாவது அந்த மாவட்டத்தை, நிர்வகிக்கும் மேற்பார்வையாளர்கள் 4-க்கு 1 என்ற வாக்கில் பள்ளிகளிலிருந்தும் நூலகங்களிலிருந்தும் அதை விலக்கினார்கள். சொன்ன காரணம் ஆபாசம். உண்மைக் காரணம் கூலி என்றுதான் நான் நினைக்கிறேன்.

தலைமை நூலகர் கிரெட்சன் நீஃப் அவர்களுக்குக் கடிதம் எழுதினார். இன்று இந்தப் புத்தகம் என்றால் நாளை எது, அதற்கு மறுநாள் எந்தக் கூட்டம் எதைத் தடை செய்யச் சொல்லி வரும் என்று கேட்டார். ஐரோப்பாவில் நடப்பதில்தான் இது போய் முடியும் என்றும் எச்சரித்தார். தனக்குச் சம்பளம் கொடுப்பவர்களுக்கே ஒரு பெண் 1939-ல் இப்படி எழுதியிருக்கிறார்! தடை நீங்கவில்லை. உடனே தன்னிடமிருந்த பிரதிகளை மாநிலத்தின் மற்ற நூலகங்களுக்குக் கொடுக்க முன்வந்தார். 1941 ஜனவரியில் தடை விலகியது.

அமெரிக்க நூலகச் சங்கம் தன் உரிமைப் பிரகடனத்தை ஏற்றதும் அதே 1939 ஜூனில்தான்.

அக்டோபர் 19, ஞாயிறு

டெக்சஸில் பள்ளி நூலகராக இருக்கும் அக்காவுடன் வெகுநேரம் பேசினேன். செப்டம்பரிலிருந்து அங்கே புதுச் சட்டம். வாங்கப்போகும் புத்தகங்களின் பட்டியலை 30 நாள் பொதுப்பார்வைக்கு வைத்து, பள்ளி போர்டின் ஒப்புதல் பெற வேண்டும்.

"பட்டியல் போடும்போதே கை நிக்குது. இதை வச்சா யார் வந்து கத்துவாங்கன்னுதான் முதல்ல தோணுது" என்றார்.

"அப்படி நிறுத்திட்டீங்கன்னா அது யாருக்குமே தெரியாதே அக்கா."

"அதுதான் பயமா இருக்கு."

எனக்கும் அதுதான் பயம். தட்டிலிருந்து எடுத்த புத்தகத்துக்காகச் சண்டை போட ஆள் வரும். வாங்காமலே விட்ட புத்தகத்தை யார் தேடுவார்கள்? நூலகவியலாளர் லெஸ்டர் ஆஷைம் 1953-லேயே எழுதினார்: தேர்வு செய்பவர் புத்தகத்தை வைத்துக்கொள்ளக் காரணம் தேடுகிறார், தணிக்கையாளர் விலக்கக் காரணம் தேடுகிறார். அச்சம் வந்துவிட்டால் முதலாமவரே இரண்டாமவர் ஆகிவிடுகிறார்.

பேச்சு பெருமாள் முருகனின் 'மாதொருபாகன்' நாவல் பற்றிய தீர்ப்புக்குப் போனது. "பிடிக்கலைன்னா தூக்கிப் போடு, படிக்கணும்னு கட்டாயம் இல்லைன்னு 2016-லயே நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட் சொல்லிடுச்சு. அதை இங்கிலீஷ்ல பிரின்ட் எடுத்து இங்க ஒட்டணும்" என்றார் அக்கா.

வயோமிங்கில் டெரி லெஸ்லி என்ற நூலக இயக்குநர் 2023-ல் புத்தகங்களை நீக்க மறுத்து வேலை இழந்தார். இந்த மாதம் கவுன்டி அவருக்கு 7,00,000 டாலர் தர ஒப்புக்கொண்டிருக்கிறது. அக்காவிடம் சொன்னேன். "பணம் சரி. வேலை?" என்றார்.

நவம்பர் 14, வெள்ளி

அந்த அம்மாவின் படிவத்தைப் பரிசீலிக்கும் குழு கூடியது. எல்லோரும் படக்கதையை முதலிலிருந்து கடைசிவரை படித்துவிட்டு வந்திருந்தோம். ஒட்டுத்தாள் இருந்த பக்கங்களில் கதையில் வரும் பையனுக்கு நேர்ந்த கொடுமை இருக்கிறது. அவன் அதை ஓர் ஆசிரியையிடம் சொல்லி, உதவி கிடைப்பது அடுத்த அத்தியாயத்தில். அந்த அம்மா அதுவரை படிக்கவில்லை. புத்தகம் அதே பிரிவில் தொடரும் என்று முடிவு. பதில் கடிதத்தை நான்தான் எழுதினேன். போர்டில் மேல்முறையீடு செய்யும் வழியையும் அதில் குறிப்பிட்டேன்.

டிசம்பர் 8, திங்கள்

டெக்சஸின் லேனோ கவுன்டி வழக்கை எடுக்க உச்ச நீதிமன்றம் இன்று மறுத்துவிட்டது. பொது நூலகத்திலிருந்து 17 புத்தகங்களை நீக்கிய வழக்கு. நூலகம் புத்தகத்தை நீக்கினால் தகவல் பெறும் உரிமையைச் சொல்லி வாசகர் கேள்வி கேட்க முடியாது என்ற மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பு டெக்சஸ், லூசியானா, மிசிசிப்பி மூன்றிலும் நிற்கும். படித்ததும் நெஞ்சு அடைத்தது. நீதிமன்றம் இல்லையென்றால் அங்கே மிச்சம் இருப்பது போர்டு கூட்டமும் தேர்தலும்தான். கெர்னில் தடைத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் அடுத்த ஆண்டுத் தேர்தலில் தோற்றார். அக்காவுக்கு அதை அனுப்பினேன்.

ஜனவரி வாங்கல் பட்டியலை இரவே முடித்தேன். அந்தப் படக்கதை ஆசிரியரின் புதிய புத்தகமும் அதில் இருக்கிறது, இரண்டு பிரதிகள்.