தழும்பில் ஒட்டிய கரு

தங்கச்சிக்கு ரெண்டாவது. முதல் பிரசவம் சிசேரியன். ஆறாவது வாரம் லேசா ரத்தம் பட்டதும் ஸ்கேன் பார்த்து, "கரு கீழே இறங்கிடுச்சு, தானா கலைஞ்சிடும்"னு அனுப்பிட்டாங்க. எனக்கு மனசு ஒப்பல. வேற இடத்துல உள்வழி ஸ்கேன். டாக்டரம்மா கருவியால மெல்ல அழுத்திப் பார்த்தாங்க. கலையுற கருன்னா வழுக்கி நகருமாம். இது அசையல. ரத்த ஓட்டத்தைக் காட்டுற டாப்ளர் ஸ்கேன்ல பார்த்தா, கருவைச் சுத்திலும் ரத்த ஓட்டம். கர்ப்பப்பை உள்ளே காலி! கரு உட்கார்ந்திருந்தது பழைய தையல் தழும்புல. மூத்திரப்பைக்கும் அதுக்கும் நடுவுல 2 மில்லிமீட்டர் சதைதான். தெரியாம டி அண்ட் சி (கர்ப்பப்பையைச் சுரண்டிச் சுத்தம் பண்றது) பண்ணியிருந்தா ரத்தத்தை நிறுத்துறதே பெரும்பாடாம். சிசேரியன் ஆனவங்க முதல் ஸ்கேன்லயே தழும்பைப் பார்க்கச் சொல்லுங்க.

கரு வளராம நிறுத்துற ஊசி போட்டாச்சு. கர்ப்ப ஹார்மோனான பீட்டா எச்சிஜி இறங்குதான்னு வாராவாரம் ரத்தம் எடுக்கணும். "கை முழுக்க ஓட்டைடி"ன்னு சிரிக்கிறா.